தக்காளி நாத்து விதையில இருந்து வளக்குறது: முளைப்பு, நாத்தழுகல், நடவு வரைக்கும் முழு வழிகாட்டி

தக்காளி விதைய முளைக்க வைக்கிறது பெரிய வேலையே இல்ல. ஈரமும் சூடும் சரியா கெடச்சா ஒரு வாரத்துல தலைய நீட்டிடும். கஷ்டமெல்லாம் அதுக்கப்புறம் வர்ற ரெண்டு மூணு வாரத்துல தான். நல்லா நிமிந்து நின்ன நாத்து திடீர்னு சாஞ்சு கெடக்கும், பக்கத்துல இருக்கறதும் சாயும், ஒடனே எல்லாரும் கேக்குறது "என்ன மருந்து அடிக்கலாம்"னு தான். மருந்துக்கு முன்னாடி ஒரு வேல இருக்கு, செத்த நாத்த மண்ணோட மெதுவா எடுத்து கையில வெச்சு பாருங்க. தண்டு எந்த எடத்துல போயிருக்கு, வேர் வெள்ளையா இருக்கா பழுப்பா இருக்கா, இலை வாடி செத்துச்சா பச்சையா இருக்கும்போதே விழுந்துச்சா, இத மட்டும் பாத்தாலே பெரும்பாலும் காரணம் தெரிஞ்சிடும். காரணம் தெரிஞ்சா மீதி ட்ரேய காப்பாத்தலாம், தெரியாம ஊத்துற மருந்து பாதி நேரம் வீண் தான். அதனால இங்க வளக்குற முறையோட சேத்தே, எந்த கட்டத்துல என்ன கெடும், கெட்டா பாக்க எப்படி இருக்கும்னும் சொல்லிட்டு போறேன்.

விதை

பாக்கெட் விதைனா அது எஃப்1 ஹைபிரிடா நாட்டு ரகமானு பாத்துக்கோங்க. ஹைபிரிட் செடியோட பழத்துல இருந்து விதை எடுத்து போட்டா முளைக்கும், காய்க்கவும் காய்க்கும், ஆனா தாய்ச்செடி மாதிரியே வராது, ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி போகும். நாட்டு ரகம்னா தாராளமா சொந்த விதை எடுக்கலாம்.

சொந்தமா எடுக்குறவங்க விதைய சுத்தி இருக்கற வழவழப்பான ஜெல்ல கண்டிப்பா போக்கணும். பழத்துக்குள்ளயே விதை முளைச்சிடாம தடுத்து வெக்கிறது அந்த ஜெல் தான். நல்லா பழுத்த பழத்த அறுத்து விதையும் சாறுமா ஒரு டம்ளர்ல எடுத்து ரெண்டு மூணு நாள் அப்படியே நிழல்ல வெச்சா மேல வெள்ளையா ஆடை கட்டி நொதிச்சிடும், அப்புறம் தண்ணி ஊத்தி கலக்குனா நல்ல விதை அடியில தங்கும், பொக்கு விதையும் தோலும் மெதக்கும், மெதக்கறத ஊத்திட்டு அடியில இருக்கறத நல்லா அலசி ஒரு தட்டுல பரப்பி நிழல்ல காய வெச்சிடணும். ரொம்ப நாள் நொதிக்க விட்டா டம்ளர்லயே முளை விட ஆரம்பிச்சிடும், கவனம். பேப்பர்ல காய வெச்சா ஒட்டிக்கும், அதனால தட்டு தான் நல்லது.

காத்து போகாத டப்பால, ஈரம் இல்லாம, சூடு படாத எடத்துல வெச்சா தக்காளி விதை நாலஞ்சு வருஷம் தாங்கும். பழைய விதைனா நம்பி மொத்தமா போட்டுடாம பத்து விதைய ஈர டிஷ்யூல மடிச்சு ஒரு ஜிப் கவர்ல போட்டு சூடான எடத்துல வெச்சு பாருங்க. எட்டுக்கு மேல முளைச்சா தைரியமா போடலாம், அஞ்சு ஆறுனா ரெண்டு மடங்கு போடணும், அதுக்கும் கீழனா வேற விதை வாங்கறது நல்லது. ஏன்னா வயசான விதை முளைச்சாலும் மெதுவா, வலுவில்லாம முளைக்கும், அப்படி முளைக்கிறத தான் பூஞ்சை மொதல்ல புடிக்கும்.

விதை நேர்த்தி பண்றது நல்ல பழக்கம். கொஞ்சமா வீட்டுக்கு போடுறவங்க விதைய லேசா ஈரப்படுத்தி டிரைக்கோடெர்மா விரிடிங்கற நல்ல பூஞ்சை பவுடர ஒரு சிட்டிகை போட்டு பெரட்டி அரைமணி நேரம் நிழல்ல ஆற வெச்சுட்டு போட்டா போதும். அளவா பண்றவங்களுக்கு ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா 4 கிராம், சூடோமோனாஸ்ங்கற நல்ல பாக்டீரியா பவுடர்னா 10 கிராம். பாக்கெட் விதை ஏற்கனவே செவப்பாவோ பச்சையாவோ கலர் பூசி வந்தா அது மருந்து போட்ட விதை, அதுக்கு இதெல்லாம் வேணாம், கைய மட்டும் கழுவிக்கோங்க.

போன தடவ செடியில பாக்டீரியா புள்ளி நோய் இருந்துச்சு, அதே செடி விதைய தான் வெச்சிருக்கேன்னு சொல்றவங்களுக்கு வெந்நீர் முறை இருக்கு. விதைய மெல்லிய துணியில கட்டி மொதல்ல 38 டிகிரி செல்சியஸ் தண்ணில பத்து நிமிஷம், அப்புறம் 50 டிகிரில சரியா 25 நிமிஷம், அப்புறம் பச்சத்தண்ணில அஞ்சு நிமிஷம், ஒடனே காய வெக்கணும். தெர்மாமீட்டர் இல்லாம கைய விட்டு பாத்து இத பண்ணாதீங்க, ரெண்டு மூணு டிகிரி கூடுனாலே விதை வெந்துடும், கொறஞ்சா கிருமி சாகாது. பழைய விதைக்கும் மருந்து போட்ட விதைக்கும் இது ஆகாது.

ட்ரேயும் கலவையும்

நாத்து சாகுமா பொழைக்குமாங்கறது பாதி இங்கயே முடிவாகிடுது, அதனால இதுல சோம்பல் படாதீங்க.

ட்ரே எதுவா வேணா இருக்கலாம், குழித்தட்டு, தயிர் டப்பா, பேப்பர் கப், எதுனாலும் அடியில ஓட்டை இருக்கணும், அது மட்டும் கட்டாயம். நான் குழித்தட்டு தான் சொல்லுவேன், ஏன்னா ஒரு குழியில நோய் வந்தா அந்த குழியோட எடுத்து தூக்கி போடலாம், ஒரே பெரிய டப்பால நெருக்கமா தூவி விட்டா ஒன்னு அழுகுனா வட்டமா பரவி மொத்தமும் போயிடும்.

பழைய ட்ரேனா அதுல ஒட்டி இருக்கற மண்ண மொதல்ல நல்லா தேச்சு கழுவணும். அப்புறம் ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்கு ஒம்போது பங்கு தண்ணி கலந்து அதுல அரைமணி நேரம் ஊற வெச்சு, நல்ல தண்ணில அலசி காய வெக்கணும். மண்ணோட அப்படியே பிளீச்ல போட்டா அந்த மண்ணு பிளீச்சோட வேகத்த தின்னுடும், ட்ரே சுத்தமாகாது. பிளீச்சோட வினிகரோ வேற கிளீனரோ கலந்துடாதீங்க, விஷ வாயு வரும்.

கலவைக்கு தோட்டத்து மண்ண அப்படியே அள்ளி போடாதீங்க. அதுல கிருமி இருக்குங்கறது ஒரு பக்கம், சின்ன குழிக்குள்ள அது இறுகி போய் காத்தே இல்லாம ஆகிடுறது அதவிட பெரிய பிரச்சன. கழுவுன கோகோபீட் (தேங்கா நார் தூள்) ரெண்டு பங்கு, நல்லா சலிச்ச மண்புழு உரம் ஒரு பங்கு, கெடச்சா ஒரு கை பெர்லைட் (காத்தோட்டத்துக்கு போடுற லேசான வெள்ளை கல் துகள்), இது போதும். கோகோபீட் வாங்குனதும் கண்டிப்பா ரெண்டு மூணு தடவ தண்ணில ஊற வெச்சு பிழிஞ்சு எடுக்கணும், ஏன்னா அதுல உப்பு நெறைய இருக்கலாம், அந்த உப்பு முளைக்கிற வேர் நுனிய கருக்கிடும். மண்புழு உரமும் ரொம்ப சேக்காதீங்க, விதைக்குள்ளயே மொத சாப்பாடு இருக்கு, மொதல்ல வர்ற ரெண்டு வித்திலைக்கு அப்புறம் நிஜ இலை வர்ற வரைக்கும் நாத்துக்கு பெருசா உரமே தேவப்படாது. மக்காத சாணி, பாதி மக்குன கம்போஸ்ட் இதெல்லாம் நாத்து ட்ரே பக்கமே வரக்கூடாது, சூடும் அமோனியாவும் கெளம்பி வேர எரிக்கும், அதோட பாதி மக்குன பொருள் பித்தியம் மாதிரி கிருமிக்கு நல்ல தீனி.

மண்ணு தான் இருக்கு, வேற வழி இல்லங்கறவங்க வெயில்ல வேக வெக்கலாம். நல்ல கோடைல மண்ண நனைச்சு மெல்லிசான பிளாஸ்டிக் ஷீட்டால, தெளிவான ஷீட்டு தான், கருப்பு இல்ல, இழுத்து மூடி ஓரத்த மண்ணு போட்டு அடைச்சு நாலுல இருந்து ஆறு வாரம் விட்டா பெரும்பாலான கிருமி, களை விதை, நூற்புழு கொறஞ்சிடும். சின்ன அளவுனா ஓவன் அடுப்புல வெச்சு மண்ணோட நடுப்பகுதி 82 டிகிரி வந்ததும் அரைமணி நேரம் வெச்சா போதும். அதுக்கு மேல சூடு ஏத்துனா மண்ணுல இருந்து செடிக்கு ஆகாத பொருள் வெளிய வரும், நாத்து அதனாலயே சாகும்.

கலவைய நிரப்பறதுக்கு முன்னாடியே நனைச்சுக்கணும், ஒரு கைப்பிடி எடுத்து அமுக்குனா உருண்டையா நிக்கணும், விரல் இடுக்குல ரெண்டு சொட்டுக்கு மேல தண்ணி வரக்கூடாது. ஒழுகுச்சுனா ஈரம் அதிகம், இன்னும் கொஞ்சம் காஞ்ச கோகோபீட் கலந்துக்கோங்க.

விதைக்கிறது

ஒரு குழிக்கு ஒரு விதை, பழைய விதைனா ரெண்டு. அரை சென்டிமீட்டர்ல இருந்து ஒரு சென்டிமீட்டர் ஆழம், மேல கலவைய தூவி விரலால லேசா அமுக்கி விடணும். இந்த அமுக்கறத நெறைய பேர் விட்டுடறாங்க. மேலோட்டமா போட்டு அமுக்காம விட்டா நாத்து வரும்போது விதைத்தோல தலையில மாட்டிக்கிட்டே வரும், வித்திலை விரிய முடியாம உள்ளயே மஞ்சளாகும். அப்படி வந்துட்டா பிச்சு இழுக்காதீங்க, தோல் மேல ஒரு சொட்டு தண்ணி வெச்சு கொஞ்ச நேரம் ஊற விட்டுட்டு, நகத்தால ரெண்டு பக்கமும் மெதுவா தள்ளுனா கழண்டு வரும்.

பத்து செடி வேணும்னா பதினஞ்சுல இருந்து இருவது விதை போடுங்க. அதவிட முக்கியமா, எல்லாத்தையும் ஒரே நாள்ல போடாம ஒரு வாரம் விட்டு ரெண்டாவது ட்ரே போடுங்க. மொத ட்ரேல என்ன ஆனாலும் அடுத்தது கைல இருக்கும்.

முளைக்கிற வரைக்கும்

முளைப்ப தீர்மானிக்கிறது கலவையோட சூடு, ரூம் சூடு இல்ல. 25ல இருந்து 30 டிகிரி இருந்தா ஆறு நாள்ல வரும், 20 டிகிரினா எட்டு நாள், 15 டிகிரினா ரெண்டு வாரம், 10 டிகிரில ஒரு மாசத்துக்கு மேல இழுக்கும், அதுக்குள்ள விதை அழுகிடும். 35க்கு மேல போனாலும் முளைப்பு கொறையும், அதனால ஈரம் காயாம இருக்க மூடி போட்டு வெச்ச ட்ரேய நேர் வெயில்ல வெக்காதீங்க, மூடிக்குள்ள சூடு வெளிய இருக்கறத விட ரொம்ப ஏறிடும். குளிரான எடத்துல இருக்கறவங்க ட்ரேக்கு அடியில ஹீட் மேட் (கரண்ட்ல சூடாகுற விரிப்பு) வெச்சா நேரம் பாதியாகும், விதை எவ்வளவு சீக்கிரம் வெளிய வருதோ அவ்வளவுக்கு மண்ணுக்குள்ள இருக்கற கிருமிக்கு வாய்ப்பு கம்மி.

மொத நாத்து தலைய தூக்குன அன்னைக்கே மூடிய எடுத்துடணும், மீதி வரட்டும்னு காத்திருக்க வேணாம்.

பத்து பன்னெண்டு நாள் ஆகியும் வரலனா குச்சியால ஒரு குழிய கிளறி விதைய எடுத்து பாருங்க. கல்லு மாதிரி கெட்டியா காஞ்சு இருந்தா தண்ணி பத்தல, இன்னும் வாய்ப்பு இருக்கு. உப்பி இருக்கு ஆனா வேர் வரலனா சூடு பத்தல, சூடான எடத்துக்கு மாத்துங்க. கொழகொழனு நசுங்குச்சுனா அழுகல். வேர் வந்து, நுனி பழுப்பாகி நின்னுடுச்சுனா அது மண்ணுக்குள்ளயே புடிச்ச நாத்தழுகல் (கிருமியால நாத்தோட வேரும் தண்டும் அழுகுற நோய்), இத தான் நெறைய பேர் "விதை சரியில்ல"னு நெனச்சுக்கறாங்க. விதையே காணோம், இல்ல வெறும் தோல் தான் இருக்குனா எறும்போ எலியோ வேலைய காட்டியிருக்கு, ட்ரேய ஸ்டாண்டு மேல வெச்சு ஸ்டாண்டு கால தண்ணி கிண்ணத்துல நிக்க வெச்சா எறும்பு ஏறாது.

வெளிச்சமும் தண்ணியும்

முளைச்ச அன்னைல இருந்து வெளிச்சம் வேணும். ஜன்னல் வெளிச்சம் நம்ம கண்ணுக்கு பிரகாசமா தெரியும், நாத்துக்கு அது பத்தாது, ரெண்டே நாள்ல தண்டு நீண்டு வெளுத்து ஒரு பக்கமா சாயும். அந்த மாதிரி நெடுநெடுனு போன தண்டு மெல்லிசா தண்ணியா இருக்கறதால கிருமிக்கு ரொம்ப சுலபம். வெளிய வெக்க முடிஞ்சா காலை வெயில் படுற எடம், மதிய வெயிலுக்கு மட்டும் நெழல் வலை. உள்ளயே வளக்குறவங்க எல்இடி லைட்ட நாத்துக்கு மேல ஒரு சாண் அளவுக்கும் கம்மியா எறக்கி வெச்சு ஒரு நாளைக்கு 14ல இருந்து 16 மணி நேரம் எரிய விடணும், ராத்திரி இருட்டு கண்டிப்பா வேணும். லைட்டுக்கு கீழ கைய வெச்சு பாருங்க, கைக்கு சுட்டா நாத்துக்கும் சுடும்.

காத்தோட்டம் ரொம்ப முக்கியம். சின்ன ஃபேன ஸ்லோவா தள்ளி வெச்சு விட்டா மண்ணு மேல்பக்கம் காயும், தண்டும் ஆடி ஆடி தடிச்சு வலுவாகும். ஃபேன் இல்லனா இலை காஞ்சிருக்கும்போது ஒரு நாளைக்கு ரெண்டு தடவ உள்ளங்கையால நாத்து தலைய மெதுவா தடவி விடுங்க, அதுக்கே உயரம் அடங்கி தண்டு கட்டையா வரும்.

தண்ணி விஷயத்துல நான் கொஞ்சம் கண்டிப்பா தான் பேசுவேன், ஏன்னா நாத்து சாகுறதுல தண்ணி கொறஞ்சு சாகுறத விட தண்ணி கூடி சாகுறது தான் அதிகம். தினமும் காலைல ஒரு டம்ளர்னு கணக்கு வெச்சு ஊத்தாதீங்க. தண்ணி ஊத்துன ஒடனே ட்ரேய ஒரு தடவ கைல தூக்கி பாத்து கனத்த மனசுல வெச்சுக்கோங்க, மறுநாளும் தூக்கி பாருங்க, லேசாயிடுச்சுனா மட்டும் தண்ணி. மேல்மண்ணு நெறம் வெளுத்து விரல் வெச்சா ஒட்டாம இருக்கணும், உள்ள லேசா ஈரம் இருக்கணும், அது தான் பதம். மேலருந்து பூவாளில ஊத்தறத விட, ட்ரேய ஒரு தாம்பாளத்துல வெச்சு தாம்பாளத்துல தண்ணி ஊத்தி கீழருந்து உறிஞ்ச விடுறது நல்லது, பதினஞ்சு இருவது நிமிஷத்துல எடுத்துடணும், மிச்சம் இருக்கற தண்ணிய வெளிய கொட்டிடுங்க, அடுத்த ட்ரேக்கு ஊத்தாதீங்க, ஒரு ட்ரேல கிருமி இருந்தா அது வழியாவே எல்லாத்துக்கும் போகும். ஊத்தறது காலைல தான், சாயங்காலம் ஊத்துனா ராத்திரி முழுக்க தண்டும் மண்ணும் ஈரமாவே இருக்கும்.

நாத்தழுகல்

இப்ப முக்கியமான கட்டத்துக்கு வருவோம். பச்சையா, இலை கூட வாடாம இருந்த நாத்து மண்ணு மட்டத்துல மடங்கி விழுந்து கெடக்கும். அத எடுத்து அந்த மடங்குன எடத்த பாருங்க. தண்டு அங்க மட்டும் தண்ணி ஊறுன மாதிரி கண்ணாடியா இருந்து, விரலால லேசா உருட்டுனா நசுங்குதா, வேர புடிச்சு இழுத்தா மேல்தோல் உறை மாதிரி கழண்டு உள்ள நரம்பு மட்டும் மிஞ்சுதா, அது பெரும்பாலும் பித்தியம். பித்தியம் உண்மையான பூஞ்சை கூட இல்ல, தண்ணிலயே நீந்தி போற வித்துகள விடுற கிருமி, அதனால தான் தண்ணி தேங்குன ட்ரேல அவ்வளவு வேகமா பரவுது. அதே எடம் கொழகொழனு இல்லாம செவந்த பழுப்பு நெறத்துல காஞ்சு, உள்வாங்கி, தண்டு கம்பி கணக்கா இளைச்சு போயிருந்தா அது பெரும்பாலும் ரைசோக்டோனியா. அதுக்கு அவ்வளவு தண்ணி தேவயில்ல, மண்ணு சூடா சாதாரண ஈரத்துல இருந்தாலே வரும். ஃபைட்டோஃப்தோரா, ஃபியூசேரியம் இதுங்களும் இதே மாதிரி நாத்த சாய்க்கும், கண்ணால மட்டும் பாத்து எல்லாத்தையும் பிரிக்க முடியாது, ஆனா ஈர வகையா காஞ்ச வகையானு பிரிச்சா கூட பாதி வழி தெரிஞ்சிடும்.

இத ஏன் பிரிக்க சொல்றேன்னா மருந்து வேற வேற. மெட்டலாக்சில் பித்தியத்துக்கும் ஃபைட்டோஃப்தோராவுக்கும் கேக்கும், ரைசோக்டோனியாவ அது ஒன்னும் பண்ணாது. எது என்னனு பாக்காம ஊத்திட்டு "மருந்து வேலை செய்யல"னு சொல்றது இதனால தான்.

சாஞ்சத பாத்ததும் பண்ண வேண்டியது, அதுவும் அன்னைக்கே: சாஞ்ச நாத்தையும் அதுக்கு சுத்தி இருக்கற குழி மண்ணையும் சேத்து எடுத்து குப்பைல போடுங்க, கம்போஸ்ட்ல போடாதீங்க. பக்கத்துல இருக்கற ரெண்டு மூணு நாத்து பாக்க நல்லா இருந்தாலும் தனியா எடுத்து வெச்சிடுங்க. தண்ணிய நிறுத்துங்க, மேல்மண்ணு நல்லா காயட்டும், இலை லேசா தொங்குற வரைக்கும் கூட பொறுக்கலாம். ஃபேன் போடுங்க, வெளிச்சத்த கூட்டுங்க, ஈர வகைனா ட்ரேய சூடான எடத்துக்கு மாத்துங்க. வீட்டளவுல பெரும்பாலும் இதுலயே நின்னுடும். நிக்காம பரவுச்சுனா காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர் நனையுற மாதிரி ஊத்தலாம், கையுறை போட்டுக்கோங்க, டப்பால போட்டிருக்கற அளவையும் எச்சரிக்கையையும் ஒரு தடவ படிச்சுக்கோங்க. செம்பு மருந்து ஊத்துன ட்ரேல ஒடனே டிரைக்கோடெர்மாவோ சூடோமோனாஸோ போடாதீங்க, அதுங்களையும் சேத்து கொன்னுடும், ஒரு பத்து நாள் போகட்டும்.

டிரைக்கோடெர்மா பத்தியும் ஒன்னு சொல்லணும். அது நோய் வந்தப்புறம் போடுற மருந்து இல்ல. கிருமி வர்றதுக்கு முன்னாடியே வேர சுத்தி எடத்த புடிச்சுக்கறது தான் அதோட வேல, அதனால கலவைல முன்னாடியே கலந்து ஒரு வாரம் ஈரமா நிழல்ல வெச்சிருந்து அப்புறம் விதைச்சா தான் முழுப் பலன். பட்டை பவுடர் தூவுறது, சீமைச்சாமந்தி (கேமமைல்) டீ ஊத்துறது இதெல்லாம் நெறைய பேர் சொல்றாங்க, மேல்மண்ணு பூசணத்த கொஞ்சம் கட்டுப்படுத்தலாம், ஆனா தண்டு மடங்குன நாத்த எதுவும் நிமித்தாது. மண்ணு மேல வெள்ளையா பஞ்சு பூசணமோ பச்சை பாசியோ தெரிஞ்சா பயப்பட வேணாம், அது பெரும்பாலும் நாத்த தாக்காது, ஆனா உங்க ட்ரேல ஈரம் அதிகம், காத்து கம்மினு சொல்லுது.

சின்ன நாத்து போனா போனது தான். நாலஞ்சு இலை வந்த நாத்துல அடித்தண்டு மட்டும் கெட்டிருந்தா ஒரு வழி இருக்கு: கெட்ட எடத்துக்கு நல்லா மேல, உள்ள சுத்தமா பச்சையா இருக்கற எடத்துல சுத்தமான பிளேடால வெட்டி, கீழ் இலைய கிள்ளிட்டு புது கோகோபீட்ல சொருகி நிழல்ல மேல ஒரு கவர் மூடி வெச்சா பத்து நாளுக்குள்ள வேர் விட்டுடும். தக்காளி தண்டு முழுக்க வேர் விடக்கூடிய செடி. ரெண்டு மூணு வாரம் தாண்டி தண்டு கெட்டியாகிட்டா நாத்தழுகல் பயம் ரொம்ப கொறஞ்சிடும்.

சாவு இப்படி இருந்தா வேற காரணம்

தண்டு கத்தியால அறுத்த மாதிரி சுத்தமா வெட்டி, மேல்பாதி பக்கத்துலயே கெடந்தா வெட்டுப்புழு. ராத்திரி வரும், பகல்ல அங்கயே மண்ணுக்குள்ள சுருண்டு கெடக்கும், ஒரு இஞ்ச் ஆழம் கிளறுனா மாட்டும். வெட்டுன தண்டு வாடாம இருந்தா மேல சொன்ன மாதிரி சொருகி வெச்சு பாருங்க. இலையே காணோம், காம்பு மட்டும் நிக்குது, பக்கத்துல பளபளப்பா கோடு இருக்குனா நத்தை.

நாத்து சாயல, ஆனா வளரவே இல்ல, வெளுத்து நிக்குது, ட்ரேய ஆட்டுனா குட்டி கருப்பு ஈ கெளம்புதுனா அதோட புழு வேர தின்னுட்டு இருக்கு. மஞ்சள் ஒட்டு அட்டை வெச்சா ஈ ஒட்டும், மேல்மண்ண காய விட்டா முட்டை சாகும், நெறைய இருந்தா பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்ல இஸ்ரேலென்சிஸ் வகை கலந்த தண்ணிய ஊத்தலாம், புழு நிக்கும். இந்த ஈ பித்தியத்தையும் சுமந்துட்டு போகும், அதனால ரெண்டும் சேந்தே வர்றது சகஜம்.

இலை ஓரம் கருகி, மண்ணு மேல வெள்ளையா உப்பு படிஞ்சிருந்தா உரமோ உப்பு தண்ணியோ கூடிடுச்சு, நல்ல தண்ணிய அடில ஒழுகுற வரைக்கும் ஊத்தி ஒரு தடவ கழுவி விடுங்க. இலை அடிப்பக்கம் ஊதாவா மாறுனா குளிர்ல வேரால பாஸ்பரஸ் எடுக்க முடியல, உரம் கொட்டாதீங்க, சூடான எடத்துல வெச்சாலே சரியாகும். புது இலை முறுக்கி சுருண்டு நூலா வந்தா, முக்கியமா வெளிய வாங்குன உரமோ வைக்கோலோ போட்டப்புறம் வந்தா, அதுல களைக்கொல்லி மிச்சம் இருக்கலாம். அந்த கலவைல நாலு பீன்ஸ் விதை போட்டு பாருங்க, அதுவும் முறுக்குச்சுனா மொத்தத்தையும் மாத்திடுங்க.

இலை மேல்பக்கமா சுருண்டு ஓரம் மஞ்சளாகி செடி குட்டையா நின்னுட்டா இலைச்சுருட்டு வைரஸ், வெள்ளை ஈ தான் கொண்டு வரும். இதுக்கு மருந்தே கெடயாது, வந்த நாத்த ஒடனே கவர்ல போட்டு எடுத்துடணும், நாத்துலயே வந்த செடி காய்க்காது. விதைச்ச நாள்ல இருந்து 40 மெஷ்ஷோ 50 மெஷ்ஷோ (ஒரு இஞ்சுக்கு அத்தன ஓட்டை) இருக்கற நைலான் வலைய ட்ரே மேல முழுசா மூடி வெக்கிறது தான் காப்பு. புகையிலை தொட்ட கையோட நாத்த தொடாதீங்க, மொசைக் வைரஸ் கை வழியா போகும், சோப்பு போட்டு கழுவிட்டு தொடுங்க.

மாத்தி நடுறது, வெயிலுக்கு பழக்குறது

நிஜ இலை ரெண்டு விரிஞ்சதும் கொஞ்சம் பெரிய கப்புக்கு மாத்தலாம். மாத்தும்போது தண்ட புடிக்கவே கூடாது, இலைய புடிங்க. இலை கிழிஞ்சா இன்னொன்னு வரும், தண்டு நசுங்குனா அவ்வளவு தான். வித்திலை வரைக்கும் ஆழமா வெச்சா பொதைஞ்ச தண்டுலயும் வேர் வரும், நெடுநெடுனு போன நாத்துக்கு இது தான் வைத்தியம். ஒட்டு கட்டுன நாத்துனா மட்டும் ஒட்டுன எடம் மண்ணுக்கு மேல இருக்கணும். இப்போருந்து வாரம் ஒரு தடவ திரவ உரத்த சொன்ன அளவுல கால்வாசி கலந்து கொடுங்க.

உள்ள வளந்த நாத்த நேரா வெயில்ல வெச்சா ஒரே நாள்ல இலை வெள்ளையா பேப்பர் மாதிரி வெந்துடும். மொத நாள் நிழல்ல ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா காலை வெயில், ஏழுல இருந்து பத்து நாள்ல முழு வெயில். இந்த நாள்கள்ல தண்ணிய கொஞ்சம் கொறைங்க, சுத்தமா வாட விடாதீங்க. ராத்திரி 10 டிகிரிக்கு கீழ போற காலம்னா நடவ தள்ளி போடுங்க.

நடவு

நாலுல இருந்து ஆறு வாரத்துக்குள்ள, தண்டு பென்சில் கனத்துக்கு வந்ததும் நட்டுடணும். சின்ன குழிலயே பூ விடுற அளவுக்கு வெச்சிருந்தா வேர் சுத்திக்கிட்டு, நட்டாலும் ரொம்ப நாள் அப்படியே நிக்கும். நடுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ட்ரேக்கு தண்ணி காட்டுனா வேர்க்கட்டி ஒடையாம வரும். சாயங்காலமோ மேகமூட்டமான நாள்லயோ நடுங்க, செடிக்கு செடி 45ல இருந்து 60 சென்டிமீட்டர். ரொம்ப நீளமான நாத்துனா குழிய ஆழமா தோண்டாம, சாய்வா ஒரு சின்ன பள்ளம் எடுத்து தண்ட படுக்க வெச்சு நுனிய மட்டும் மேல விட்டு மூடுங்க. அட்டைய வளையமா சுருட்டி பாதி மண்ணுக்குள்ள பாதி வெளிய இருக்கற மாதிரி தண்ட சுத்தி வெச்சா வெட்டுப்புழு கிட்ட வராது.

மிச்சம் இருக்கற நாத்த ஒடனே தூக்கி குடுத்துடாதீங்க, நாலஞ்ச கப்புலயே நிழல்ல வெச்சிருங்க. நட்ட மொத பத்து நாள்ல எங்கயாவது ஒன்னு போனா அந்த குழி மண்ண கொஞ்சம் அள்ளி வெளிய போட்டுட்டு, செத்ததோட வேரையும் தண்டையும் ஒரு தடவ பாத்துட்டு, அதே எடத்துல இத நட்டுக்கலாம்.